விமானி வேலைக்கான ரெஸ்யூமேயில் எது முதலில் வர வேண்டும், ரேட்டிங்கா வேலை அனுபவமா?

கேட்டவர் சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்) வாங்கிய பிறகு கொஞ்ச காலம் ஐடி வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு பயிற்சிப் பள்ளியில் உதவிப் பயிற்றுநராக இருக்கிறார். விமான நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறார். எதை எங்கே எழுதுவது என்று குழப்பம்.

ரேட்டிங்தான் முதலில், அதாவது எந்த விமானத்தை ஓட்டலாம், என்னென்ன செய்யலாம் என்று லைசென்ஸில் சேர்க்கப்படும் தகுதி. அதற்கும் மேலே லைசென்ஸ். நான் ஏடிஆர் 72 விமானத்தில் கோ-பைலட். ஜூனியர்கள் பார்க்கச் சொல்லி அனுப்பும் ரெஸ்யூமேக்கள் பலவும் ஐடி கம்பெனிக்கு எழுதியது போலவே இருக்கும். மேலே நான்கு வரிக்கு 'குறிக்கோள்', அப்புறம் பட்டப்படிப்பு, பறந்த மணிக்கணக்கு இரண்டாம் பக்கத்தில். விமானி வேலைக்கு விண்ணப்பிப்பவரின் குறிக்கோள் என்னவென்று படிப்பவருக்குத் தெரியாதா? அதைத் தூக்கிவிடுங்கள். விதிப்படி இவரை அடுத்த கட்டத்துக்குக் கூப்பிடலாமா என்பதைத்தான் அவர் முதலில் பார்க்கிறார். அதற்கான விடை முதல் பாதிப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பெயருக்குக் கீழே டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கொடுத்த சிபிஎல் எண், அது செல்லுபடியாகும் தேதி. கூடவே எஃப்ஆர்டிஓஎல், ஆர்டிஆர் (இரண்டும் விமான ரேடியோவில் பேசுவதற்கான அனுமதிகள்), கிளாஸ் 1 மெடிக்கல், ஆங்கிலத் தேர்ச்சி நிலை. ஆங்கிலத்தில் நிலை 4 என்றால் மூன்று வருடம்தான் செல்லும், அதனால் அங்கேயும் தேதி வேண்டும். நிலை 6-க்குத் தேவையில்லை.

ரேட்டிங்கை லைசென்ஸில் இருக்கிறபடியே எழுதுங்கள். அமெரிக்காவில் பயிற்சி எடுத்தவர்கள் அந்த ஊர் வழக்கப்படி 'மல்டி எஞ்சின் லேண்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். நம் லைசென்ஸில் செஸ்னா 172, செனகா, டிஏ42 என்று விமானத்தின் பெயர் இருக்கும், அதுதான் வேண்டும். அமெரிக்காவின் எஃப்ஏஏ லைசென்ஸ் இருந்தால் தனி வரியில் போடலாம், இரண்டையும் கலக்காதீர்கள். ஐஆர் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்துப் பறக்கும் தகுதி) என்றால் கடைசியாகச் சோதனை கொடுத்த தேதி கட்டாயம். காலாவதியாகியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள், எப்படியும் கேட்பார்கள். சொந்தச் செலவில் ஏ320 டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்துக்கான தகுதி) முடித்து, விமான நிறுவனத்தில் அதைப் பறக்காதவர்கள் வெறுமனே 'ஏ320' என்று எழுதினால் படிப்பவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். சிமுலேட்டர் மணி இவ்வளவு, விமானத்தில் இவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள்.

அடுத்து மணிக்கணக்கு. இதை மட்டும் அட்டவணையாகப் போடுங்கள்: மொத்தம், பிஐசி (விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக), மல்டி எஞ்சின், இரவு, இன்ஸ்ட்ருமென்ட், கடைசி ஆறு மாதத்தில் பறந்தது. எந்தத் தேதி வரைக்குமான கணக்கு என்பதை மேலே குறிப்பிடுங்கள். சிமுலேட்டர் மணியை மொத்தத்தில் சேர்க்கக் கூடாது. அமெரிக்க லாக்புக்கில் 1.5 என்று தசமத்தில் இருப்பது இங்கே 1:30. அப்படியே பார்த்து எழுதி 1:50 ஆக்கிவிட்டால் கூட்டுத்தொகை இடிக்கும். ரெஸ்யூமே, லாக்புக், இ-ஜிசிஏ (டிஜிசிஏவின் இணையதளம்) மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் சந்தேகப்பட விமான நிறுவனங்களுக்குக் காரணமும் இருக்கிறது. 2011-இல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள் கைதானார்கள். ராஜஸ்தானில் பறக்காத மணிகளைப் பறந்ததாகக் காட்டிய வழக்கும் அதே வருடம்தான்.

இதற்கெல்லாம் கீழேதான் வேலை அனுபவம், கடைசி வேலை முதலில். உங்கள் ஏஎஃப்ஐஆர் (உதவிப் பயிற்றுநர் தகுதி) ரேட்டிங் பகுதியிலும் வரும், இங்கேயும் வரும், தப்பில்லை. இங்கே அதை வேலையாக எழுதுங்கள்: 'ஜூன் 2023 முதல் இன்று வரை, உதவிப் பயிற்றுநர், பள்ளியின் பெயர், ஊர், செஸ்னா 172, பயிற்றுநராக 340 மணி.' மாணவர்களுக்கு எப்படிப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பதெல்லாம் நேர்காணலில் பேசிக்கொள்ளலாம்.

ஐடி வேலைக்கு ஒரே வரி போதும். ஆனால் எடுத்துவிடாதீர்கள். விமான நிலையத்துக்குள் போக பாஸ் வாங்கும்போது பின்னணி விசாரணை இருக்கிறது, மாதம் விட்டுப்போனால் அங்கே கேள்வி வரும். வருடத்தை மட்டும் எழுதாமல் மாதத்தோடு எழுதுவது இதற்காகத்தான். இடைவெளிக்குக் காரணம் இருந்தால் நான்கு சொல்லில் சொல்லிவிடலாம். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்டும் நின்றபோது வேலை இழந்தவர்களுக்கு 'நிறுவனம் சேவையை நிறுத்தியது' என்பதே போதும், இந்தத் துறையில் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

பட்டப்படிப்பு, பிளஸ் டூ இயற்பியல் கணிதம் எல்லாம் கடைசியில் இரண்டு வரி. மொத்தம் ஒரே பக்கம், பிடிஎஃப்.

ஏற்கெனவே விமான நிறுவனத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள் நோட்டீஸ் காலத்தையும் சேர்த்து எழுதுங்கள். 2017-இல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கோ-பைலட்டுக்கு 6 மாதம், கமாண்டருக்கு 12 மாதம். எப்போது வந்து சேர முடியும் என்று அவர்கள் அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.