அலையே இல்லாத சிங்கப்பூரில் அலைச்சறுக்கைப் பாடும் தமிழ் இசைக்குழு போலியாகத் தோன்றாதா?

நாட்டார் இசையையும் ராக் இசையையும் சேர்த்து, அலைச்சறுக்கையும் கடற்கரை முகாமையும் பாட விரும்பும் உங்கள் நால்வரில் ஒருவர் மட்டுமே பலகையில் ஏறியவர் என்பதால் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். 1961ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் தொடங்கிய பீச் பாய்ஸ் குழுவிலும் உண்மையில் அலைச்சறுக்கியவர் டிரம்ஸ் வாசித்த டென்னிஸ் வில்சன் ஒருவர்தான். ஆகவே அந்தக் கணக்கு உங்களை வருத்த வேண்டாம். நீங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் என்று எண்ணிக்கொண்டு, அதே வயதில் இதே கேள்வியோடு அலைந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் இரண்டு கித்தார், ஒரு பறை, பாட ஒரு தோழி. முதலில் எழுதிய ஆறு பாடல்களும் பலகைமேல் எழுந்து நிற்கும் அந்த நொடியைப் பற்றியவை. ஆறுமே பொய்யாக ஒலித்தன. சுமத்ராவும் மலாயாத் தீபகற்பமும் மறைத்து நிற்பதால் பெருங்கடலின் அலை நம் கரைக்கு வருவதில்லை. தென்சீனக் கடலை நேராகப் பார்க்கும், மலேசியாவின் ஜொகூர் மாநிலக் கடற்கரையான தேசாருவிலோ வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நல்ல அலை எழும் என்பதால், ஒரு டிசம்பரில் அங்கே போனோம். இரண்டு நாளில் நான் பலகைமேல் நின்ற நேரத்தைக் கூட்டினால் அரை நிமிடம் தேறாது. மற்ற நேரமெல்லாம் கால்களை நீரில் தொங்கவிட்டு, அடுத்த அலைத்தொடர் எப்போது வரும் என்று தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட வேண்டியது அந்தக் காத்திருப்பைத்தான் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

திரும்பி வந்தபின், அனுமதி பெற்று ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூடாரம் அடித்தோம். இரவின் ஈரக்காற்றில் பறையின் தோல் தளர்ந்து, அடித்தால் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்டது. கண்ட இடத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால், கோழி வாட்டி முடித்த பார்பெக்யூ அடுப்பின் தணலில் பறையைச் சாய்த்துப் பிடித்துக் காய்ச்சினோம். நண்பர் விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் இறுகி, குரல் ஏறியது. எதிரே நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

அப்போது என் தாத்தாவின் நினைவு வந்தது. அவர் நாகப்பட்டினம் பக்கத்தில் கரைவலை இழுத்தவர். 1955இல் ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவர். நாங்கள் கூடாரம் அடித்திருந்த நிலம் அன்றைக்குக் கடலாக இருந்தது. 1966க்குப் பின்னரே அது தூர்க்கப்பட்டது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் அவர் முணுமுணுத்த, மீனவர் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குவார்கள். வாங்கும்போதுதான் கயிற்றை இழுப்பார்கள். எடுக்கும் அடியைக் கித்தாருக்கும், இழுக்கும் அடியைப் பறைக்கும் பிரித்துக் கொடுத்தோம். அன்றிரவு பிறந்த பாடலில் அலைச்சறுக்கு என்ற சொல்லே இல்லை. ஆனால் எங்கள் முதல் உண்மையான அலைச்சறுக்குப் பாடல் அதுதான். கடலும் கடல்சார்ந்த இடமுமான நெய்தல் திணைக்கு, பிரிந்தவரை எண்ணிக் காத்து வருந்தும் இரங்கலை உரிப்பொருளாக வைத்த மொழியில் பாடுகிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மீனவர் பாட்டை எடுத்துப் பகட்டுக்குப் பயன்படுத்துகிறாய் என்று சிலர் சொல்லக்கூடும். யாரிடம் கற்றேன் என்பதை ஒவ்வொரு மேடையிலும் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். அதற்கு மேல் விளக்கம் தர வேண்டியதில்லை என்பதே என் கருத்து. என்னை இன்றும் வருத்துவது வேறொன்று. ஒரு குடியிருப்புப் பேட்டை நிகழ்ச்சியில் எங்களுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு, மேடையேறும் முன் ஏற்பாட்டாளர், "இதெல்லாம் யாருக்குப் புரியும் தம்பி, இரண்டு சினிமாப் பாட்டுப் பாடிவிடுங்கள்" என்றார். திரையிசையை நான் தாழ்வாக எண்ணுபவன் அல்லன். அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் கடலைக் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கடற்பாட்டு புரியாது என்று அவர் எப்படி முடிவு செய்தார்? நாங்கள் அம்பாவையே பாடினோம். முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர், நாங்கள் சொல்லிக்கொடுக்காமலேயே 'ஏலேலோ' வாங்கினார்.

எனவே முதலில் முகாமுக்குப் போங்கள். பாடலைப் பிறகு எழுதலாம். பறையைத் துணியில் சுற்றி வையுங்கள், மாற்றுக் கித்தார் கம்பிகளும் கையில் இருக்கட்டும். உப்புக்காற்று பட்ட எங்கள் கம்பிகள் ஒரே மாதத்தில் துருவேறிவிட்டன.