புதுச்சேரிக்கு மட்டும் எதற்குத் தனியாக ஒரு விடுதலை நாள்?

ஆகஸ்ட் 15 இருக்கும்போது நவம்பர் 1 எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடன் வேலை பார்க்கும் பாண்டிக்காரர் யாரோ அன்றைக்கு லீவு கேட்டிருப்பார், சரிதானே?

1947 ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊரில் பிரெஞ்சு ஆட்சிதான். 1954 அக்டோபர் 18-ல் புதுச்சேரியைச் சேர்ந்த கீழூர் கிராமத்தில் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆனது, அதனால் அந்த நாளும் எங்களுக்கு விடுமுறை. நவம்பர் 1-ஐ அரசே விடுதலை நாளாகக் கொண்டாட ஆரம்பித்தது 2014-ல்தான்.

சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில் மேலதிகாரி ஒருவர் எல்லார் முன்னாலும், "பாண்டிக்கு என்னங்க விடுதலை, பிரெஞ்சுக்காரன் கிட்ட நீங்க ஜாலியாத்தானே இருந்தீங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் பாட்டிக்குத் தாய்வீடு வெள்ளைக்காரன் ஆண்ட விழுப்புரம் பக்கம், வாக்கப்பட்டது பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரித் திருபுவனையில். பொங்கலுக்குத் தாய்வீடு போய்த் திரும்பும்போது வழியில் எல்லையில் சுங்கக்காரர்கள் மூட்டையைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பார்களாம், பச்சைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். இதைச் சொன்னேன். 1936 ஜூலை 30-ல் புதுச்சேரியில் போராடிய மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சு ஆட்சி சுட்டதில் 12 பேர் செத்ததையும் சொன்னேன். அவர் அப்படியா என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

உடனே பிரிவினை பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், ஆகஸ்ட் 15-க்கு எங்கள் தெருவிலும் கொடி ஏற்றி மிட்டாய் கொடுக்கிறோம். சொல்தா வீட்டுக்காரர்களும், அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர்களின் குடும்பத்தாரும், கோபிக்க வேண்டாம். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-ல் அவர்கள் பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு வருவதை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன், அது அவர்கள் வீட்டு வரலாறு. கீழூர் எங்கள் வரலாறு. நான் படித்த காலத்தில் எங்களுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்தான், கீழூர் என்ற பெயரை எந்த ஆசிரியரும் வகுப்பில் சொன்னதில்லை.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆன்லைன் படிவங்களில் மாநிலம் என்று கேட்கும் பட்டியலில் பாதி நேரம் புதுச்சேரியே இருப்பதில்லை, தமிழ்நாடு என்று போட்டால் பின்கோடு தப்பு என்கிறது. போன மாதம் என் அம்மாவின் மருந்துப் பார்சல் இதனாலேயே திரும்பிப் போய்விட்டது. லீவு கணக்குப் பார்ப்பவர்கள் முதலில் அந்தப் பட்டியலில் எங்கள் ஊரைச் சேர்க்கட்டும்.