தன்வெப்ப ஏற்புத்திறன் குறைவாக வருவது ஏன்?

உதகையில் நீங்கள் செய்த சோதனையில் இரும்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம்) குறைவாக வந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அளவீட்டில் தவறில்லை. 200 கிராம் இரும்புக் குண்டைக் கொதிநீரில் சூடேற்றி, தெர்மோகோல் குவளையில் 16 டிகிரியில் இருந்த 150 கிராம் நீரில் போட்டிருக்கிறீர்கள், 25.6 டிகிரியில் நின்றிருக்கிறது. 0.45 ஜூல் வரவேண்டிய இடத்தில் 0.40 வந்ததற்குக் காரணம், குண்டின் தொடக்க வெப்பநிலையை 100 என்று எழுதியதுதான்.

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். (குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான்.) கொதிநீரில் கிடந்த குண்டு அதற்கு மேல் எப்படிச் சூடாகும்?

இரும்பு இழந்த வெப்பம் நீர் பெற்ற வெப்பத்துக்குச் சமம். நீர் பெற்றது 150 × 4.18 (நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன்) × 9.6, அதாவது ஏறக்குறைய 6,019 ஜூல். இதை 200 × (92.5 − 25.6) ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.45!

அடுத்த முறை கொதிநீரிலேயே வெப்பமானியை வைத்து அளந்துவிடுங்கள். குண்டை எடுத்ததும் ஒட்டிய நீரைத் துடைத்து, நொடியும் தாமதிக்காமல் குவளையில் இறக்குங்கள். மலைக்குளிரில் வெப்பம் வேகமாக ஓடிவிடும். குவளை நீர் அறையைவிட நாலைந்து டிகிரி குளிர்ந்திருந்தால் இன்னும் நல்லது. முதலில் அறையிலிருந்து பெறுவதும் பிறகு அறைக்கு இழப்பதும் பெருமளவு ஈடாகிவிடும்.