கல்லூரி மாணவர்களுக்குத் தன்னார்வப் பணியையும் சூழல் அக்கறையையும் விளையாட்டின் மூலம் கற்பிக்க முடியுமா?

முடியும். ஆனால் உங்கள் கேள்வியின் விளக்கத்தில், "கருத்தரங்கு வைத்தால் மாணவர்கள் தூங்குகிறார்கள், அதனால்தான் விளையாட்டை யோசிக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் கலைவதுதான் தேவை என்றால் ஆளுக்கொரு பிளேன்ரீ கொடுத்தாலே போதும். விளையாட்டின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தன்னளவில் நியாயமாக நடந்துகொண்டும் எல்லோருக்கும் பொதுவான ஒன்று எப்படி அழிகிறது என்பதை ஒரு மணி நேரத்துக்குள் நேரடியாக அனுபவிக்க வைப்பதற்கு விளையாட்டைப்போல வசதியான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் மாணவர் சூழல் வட்டத்துக்குப் பொறுப்பாக இருப்பவன் என்ற முறையில், இங்கே செய்து பார்த்தவற்றை வைத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில், எதைச் செய்ய வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாம்பும் ஏணியும் பலகையை எடுத்து, "மரம் நட்டீர், ஏணியில் ஏறுக, பொலித்தீன் எரித்தீர், பாம்பின் வாயில் விழுக" என்று எழுதி ஒட்டுவதை நம்மவர்கள் சூழல் விளையாட்டு என்கிறார்கள். அங்கே முடிவு செய்வது தாயக்கட்டைதான். விளையாடுபவர் எதையும் தெரிவு செய்வதில்லை, ஆகவே எதையும் கற்பதுமில்லை. கிளித்தட்டுக் கோடுகளுக்குப் "பிளாஸ்ரிக்", "புகை" என்று பெயர் வைப்பதும் இதே வகை. கிளித்தட்டு தன்னளவிலேயே அருமையான விளையாட்டு. அதற்கு இந்த வேடம் தேவையில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் தங்களைச் சிறுவர்களாக நடத்துகிறார்கள் என்பதை உடனே கண்டுகொள்வார்கள். விளையாட்டின் விதி, நாம் கற்பிக்க விரும்பும் விடயம் உண்மையில் இயங்கும் விதமாகவே இருக்க வேண்டும். என்னுடைய அளவுகோல் இது ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு மிகப் பொருத்தமான விடயம் கிணறு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளில் தேங்கும் மழைநீர்தான் நெடுங்காலமாக நமக்குக் குடிநீர், தோட்டத்துக்கும் அதுவே. அந்த நன்னீர் தனக்குக் கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரை அது நிற்கும் என்பது நீரியலாளரின் பழைய கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால், மேலே சிறிதளவு இறைத்தாலும் கீழிருந்து உவர் பல மடங்கு ஏறத் துடிக்கும் என்பது விளங்கும். இதை வெண்பலகையில் படம் வரைந்து விளக்கினால் மாணவர்கள் எழுதிக்கொண்டு போவார்கள், பரீட்சையிலும் சரியாக எழுதுவார்கள், வீட்டுக்குப் போய் மோட்டரைப் போட்டுவிட்டு மறந்தும் போவார்கள்.

நாங்கள் விளையாடும் விதம் இதுதான். ஒரு துணிப்பைக்குள் 60 புளியங்கொட்டைகள் இருக்கும், அதுதான் கிணறு. ஆறு குழுக்கள், அதாவது ஒரே நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஆறு தோட்டக்காரர். ஒவ்வோர் ஆண்டும் ஒரு குழு ஐந்து கொட்டை வரை எடுக்கலாம். இரண்டுக்குக் குறைந்தால் அந்த ஆண்டு வெங்காயம் கருகிவிடும். எடுத்த கொட்டை ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. எல்லோரும் எடுத்த பிறகு மாரி வரும்: பையில் மிஞ்சியிருப்பதன் அரைவாசி அளவு புதிதாகச் சேர்க்கப்படும், ஆனால் 60ஐத் தாண்டாது. எடுத்து முடிந்ததும் மிச்சம் 20க்குக் கீழே போயிருந்தால் நான் பத்துக் கூழாங்கற்களைப் பைக்குள் போடுவேன். அவைதான் உவர். அதன்பின் பார்க்காமல் கைவிட்டு எடுக்கும்போது கல் வந்தால் ஒரு புள்ளி குறையும். கல் திரும்பப் பைக்குள்ளேயே போகும். எத்தனை மாரி வந்தாலும் அதை வெளியே எடுப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேரும் மும்மூன்று எடுத்தால் 18 போய் 42 மிஞ்சும், மாரியில் பை மறுபடி நிரம்பிவிடும். இப்படியே எத்தனை ஆண்டும் போகலாம். ஆறு பேரும் ஐந்தைந்து எடுத்தால் முதலாம் ஆண்டு 30 மிஞ்சி மாரியில் 45 ஆகும், இரண்டாம் ஆண்டு முடிவில் 15தான் மிச்சம், கற்கள் உள்ளே விழுந்துவிடும். முதல் ஆட்டத்தில் குழுக்கள் தமக்குள் பேசக்கூடாது என்று விதி வைப்பேன். அந்த ஆட்டத்தில் உவர் ஏறாமல் தப்பிய வகுப்பை நான் இன்னும் காணவில்லை. ஒருமுறை, பொறுமையாக மூன்று மட்டும் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குழு இரண்டாம் ஆண்டில் திடீரென்று ஐந்துக்குத் தாவியது. ஏன் என்று கேட்டேன். "நாங்கள் விட்டால் அவங்கள் எடுத்துப்போடுவாங்கள், சேர்" என்றான் ஒருவன். தோட்டங்கள் நிறைந்த புன்னாலைக்கட்டுவன் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, தலையை நிமிர்த்தாமலே, "எங்கட அப்பாவும் இதைத்தான் சொல்லுறவர்" என்றாள். அதற்குப் பிறகு நான் விளக்குவதற்கு அதிகம் இருக்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் பேச அனுமதி உண்டு. பெரும்பாலும் அவர்களாகவே ஓர் எல்லையை வகுப்பார்கள், அதை மீறுபவருக்குத் தண்டமும் வைப்பார்கள், யார் எண்ணிப் பார்ப்பது என்று சண்டையும் பிடிப்பார்கள். 2009ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், மீன்பிடி, நீர்ப்பாசனம், காடு ஆகிய பொது வளங்களைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து காட்டியதும் ஏறத்தாழ இதுதான்: பயன்படுத்துபவர்களே கூடிப் பேசி, விதி செய்து, கண்காணித்துக்கொண்டால் பொதுவளம் அழியத்தான் வேண்டும் என்றில்லை. அவருடைய பெயரை நான் ஆட்டம் முடிந்த பிறகுதான் சொல்வேன். முன்னதாகச் சொன்னால் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக நடித்துவிடுவார்கள். மூன்றாவதாக ஒரு துலா (மோட்டருக்கு முன் ஆள்பலத்தால் கிணற்று நீர் இறைத்த ஏற்றம்) ஆட்டமும் வைக்கலாம். துலாவால் இறைத்த காலத்தில் ஒருவர் இரண்டுக்குமேல் எடுக்க உடம்பு இடங்கொடுக்காது என்ற விதியுடன் விளையாடினால் பேச்சுவார்த்தை இல்லாமலே கிணறு தப்பிவிடும். அக்காலத்தவர் நம்மைவிட நல்லவர்களாக இருந்தார்களா அல்லது அவர்களிடம் மோட்டர் இருக்கவில்லையா என்ற விவாதம் அங்கே தானாகவே கிளம்பும். அந்த விவாதத்தை வெட்ட வேண்டாம். ஆட்டத்துக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பின்னுரையாடலுக்கும் ஒதுக்குங்கள். அது இல்லாவிட்டால் புளியங்கொட்டை எண்ணியதுதான் மிச்சம்.

தன்னார்வப் பணிக்கு வருகிறேன். "தன்னலமற்ற சேவை" பற்றிய உரைகளை மாணவர்கள் பாடசாலைக் காலத்திலிருந்தே கேட்டுப் புளித்துப் போயிருக்கிறார்கள். மனமிருந்தும் ஆட்கள் ஏன் வருவதில்லை என்பதுதான் அவர்களுக்கு உண்மையில் தேவையான அறிவு. அன்ட்ரியாஸ் டீக்மன் என்ற சமூகவியலாளர் 1985இல் "தன்னார்வலரின் இக்கட்டு" என்ற பெயரில் இதை ஒரு விளையாட்டாகவே வகுத்தார். அதை வகுப்பறைக்கு ஏற்றபடி நாங்கள் இப்படி விளையாடுகிறோம்: ஒவ்வொருவரும் ஒரு துண்டுக் கடதாசியில் "வருவேன்" அல்லது "வரமாட்டேன்" என்று இரகசியமாக எழுத வேண்டும். ஒருவராவது "வருவேன்" என்று எழுதியிருந்தால் குழுவில் உள்ள எல்லோருக்கும் பத்துப் புள்ளி, ஆனால் எழுதியவருக்கு அதில் மூன்று கழியும். ஒருவருமே எழுதாவிட்டால் எல்லோருக்கும் பூச்சியம்.

இதை முதலில் மூன்று பேர் கொண்ட குழுக்களாகவும் பிறகு முழு வகுப்பும் ஒரே குழுவாகவும் விளையாடுங்கள். குழு பெருக்கப் பெருக்க, "யாராவது எழுதுவார்கள்தானே" என்ற எண்ணமும் பெருகும். "வருவேன்" என்று எழுதுபவர்களின் விகிதம் குறையும் என்பது கோட்பாடு சொல்வதும் நீங்கள் கண்ணால் காணப்போவதும். அடுத்ததாக, உங்கள் மாணவர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறக்கச் சொல்லுங்கள். நூறுக்கு மேற்பட்டவர்கள் உள்ள குழுவில் "சனிக்கிழமை சிரமதானம், எல்லோரும் வரவும்" என்று போட்ட செய்திக்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக நிற்கும். சனிக்கிழமை காலையில் நிற்பது வழமையான அதே முகங்கள்தான். கெட்ட எண்ணத்தால் ஒருவரும் வராமல் விடவில்லை, அழைப்பு யாருக்குமே உரியதாக இருக்கவில்லை என்பதை இந்த விளையாட்டு பழி சொல்லாமல் காட்டிவிடுகிறது. அதன் பிறகு எங்கள் வட்டத்தில் பொது அழைப்புகளை நிறுத்திவிட்டு, நான்கு நான்கு பேராகப் பிரித்து, மண்வெட்டிக்கு யார், தண்ணீருக்கு யார், கிராம அலுவலருடன் பேசுவது யார் என்று பெயர் சொல்லியே கேட்கிறோம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது உண்மைதான், ஆனால் திரளும் வேலையை யாரோ ஒருவர் தொடக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

அடம்பன் கொடி என்றதும் கடற்கரைத் துப்புரவு நினைவுக்கு வருகிறது. காசுவாரினா, சாட்டி, மணற்காடு என்று எங்கே போனாலும் எடைப் போட்டி வைக்காதீர்கள். கிலோவுக்குப் புள்ளி என்றால், ஈர மணல் ஏறிய வலைத்துண்டையும் கண்ணாடிப் போத்தலையும் தேடி ஓடுவார்கள்; சம்பூச் சரை, உறிஞ்சுகுழாய், ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) துணுக்கு எல்லாம் மணலிலேயே கிடக்கும். சில வேளை எடைக்காக மணலைப் பிணைத்து நிற்கும் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் சேர்ந்தே பைக்குள் வந்துவிடும். யப்பானில் 2008இல் தொடங்கப்பட்ட ஸ்போகோமி என்ற குப்பை பொறுக்கும் விளையாட்டில் மூன்று பேர் ஓர் அணி, ஓடக்கூடாது, குப்பையின் வகைக்கு ஏற்பப் புள்ளி, பொறுக்கிய பிறகு வகைபிரிப்பதும் ஆட்டத்தின் பகுதி. 2023இல் தோக்கியோவில் அதற்கு உலகக் கிண்ணப் போட்டியே நடந்தது, பிரித்தானிய அணி வென்றது. அந்த விதிகளை நாங்கள் எடுத்துக்கொண்டு ஒன்றைக் கூட்டினோம்: தொடங்குமுன் ஒவ்வோர் அணியும் அன்று எந்தப் பொருள் அதிகம் கிடைக்கும் என்று எழுதித் தர வேண்டும். கணிப்புக்கும் எண்ணிக்கைக்கும் இடையில் உள்ள தூரம்தான் பேச்சுக்கு நல்ல தொடக்கம். 2017 செப்ரெம்பரிலிருந்து சோறு பொதியும் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் இலங்கையில் தடைசெய்யப்பட்டவை. அவை இன்னும் மணலில் கிடப்பதை எண்ணி எழுதும் மாணவருக்குச் சட்டத்தைப் பற்றிக் கேட்க நிறையக் கேள்விகள் இருக்கும்.

வடக்கில் இந்த விளையாட்டுக்கு மேலும் ஒரு விதி உண்டு, அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. அடையாளம் தெரியாத உலோகப் பொருள் எதுவும் குப்பை அல்ல, போர்க்காலத்தில் வெடிக்காமல் எஞ்சியதாக இருக்கலாம். தொடாமல் விலகி நின்று பொலிஸ் அவசர எண்ணான 119க்கு அறிவிக்க வேண்டும். அதைக் கண்டு சொன்ன அணிக்குத்தான் அன்றைய உச்சப் புள்ளி.

பரிசு, சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இது நம்மூரில் கூச்சமான விடயம், ஏனென்றால் வேலை விண்ணப்பத்தோடு இணைக்கச் சான்றிதழ் சேர்ப்பது நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிப்பாடமாகவே ஆகிவிட்டது. 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள சிறுவர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட சிறுவர்கள், பிற்பாடு தாமாக வரைவது குறைந்துபோனது. முன்னறிவிப்பின்றி அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. சிறுவர்களிடம் கண்டதை அப்படியே வளர்ந்தவர்களுக்குப் பொருத்த முடியாதுதான், என்றாலும் எங்கள் நடைமுறைக்கு அதுவே வழிகாட்டி. அழைப்பில் சான்றிதழைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. தொடர்ந்து வந்தவர்களுக்கு, என்ன வேலை செய்தார் என்று விவரமாக எழுதிய கடிதம் ஆண்டு முடிவில் கிடைக்கும். விளையாட்டுக்குப் புள்ளி போடலாம், கிணற்றடியைத் துப்புரவாக்கும் உண்மையான வேலைக்குப் போடக்கூடாது. 1958இல் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்களைக் கனதொலுவ கிராமத்துக்குச் சிரமதானத்துக்குக் கூட்டிச் சென்று, அதிலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்தபோது, அங்கே யாரும் புள்ளி எண்ணவில்லை.

பனம்விதை நடுகையைப் போட்டியாக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. எத்தனை விதை புதைத்தோம் என்ற எண்ணிக்கை பத்திரிகைச் செய்திக்கு உதவும். பனை பயன்தரப் பதினைந்து ஆண்டளவு செல்லும், அதற்குள் நட்டவர் பட்டம் பெற்று வெளிநாடும் போயிருப்பார். விளையாட்டாக்கத்தான் வேண்டுமென்றால் அஞ்சலோட்டமாக்குங்கள்: மூத்த அணி நட்ட வரிசையை அடுத்த அணி பொறுப்பேற்று, உயிரோடு நிற்கும் வடலிகளை மட்டும் எண்ணிக் கையளிக்கட்டும்.

வரிசை பற்றி ஒரு சொல். புதுமுக மாணவர் வந்த முதல் வாரங்களில் தன்னார்வலர் விளையாட்டை வையுங்கள், ஏனெனில் அதற்குக் கடதாசியும் பேனையும் தவிர ஒன்றும் வேண்டாம். பனம்விதையைப் புரட்டாதி, ஐப்பசி மழைக்கு விடுங்கள். கிணற்று ஆட்டத்தைப் பங்குனி, சித்திரையில், கிணறுகளில் நீர் இறங்கியிருக்கும் காலத்தில் வைப்பதே நல்லது. சிங்கள மாணவர்களும் கலந்திருக்கும் வகுப்பாக இருந்தால் அதையே முதலில் வைக்கலாம். புளியங்கொட்டை எண்ண மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது, இரண்டாவது ஆட்டத்தில் பேசத் தொடங்கும்போது இரு மொழியும் தெரிந்த ஒருவரை ஒவ்வொரு குழுவிலும் இருத்திவிட்டால் போதும்.