பெயர் யாருடையது? கொல்கத்தாவின் கால்பந்துக் கழகங்கள்: கேள்வி பதில்

கேள்வி (மதுரை): சென்னைக்கு இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஒரே அணிதான். கொல்கத்தாவில் மட்டும் மூன்று பெரிய கழகங்கள் எவ்வாறு வேரூன்றின? மூன்றும் ஒரே காலத்தில் தோன்றியவையா?

பதில்: மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணங்களுக்காகத் தோன்றியவை. மோகன் பகான் 1889 ஆகஸ்ட் 15 அன்று வடகொல்கத்தாவில் தொடங்கப்பட்டது; மோகன் பகான் வில்லா என்ற மாளிகையிலிருந்து அதன் பெயர் வந்தது. முதல் தலைவர் பூபேந்திரநாத் பாசு, 1914-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் என்பது தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி. முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-இல் உருவானது. ஈஸ்ட் பெங்கால் 1920 ஆகஸ்ட் 1 அன்று, ஒரு சண்டையின் விளைவாகப் பிறந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இவை நிறுவனங்களாகத் தொடங்கப்பட்டவை அல்ல என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். சென்னையின் சபாக்களைப் போல, சந்தா செலுத்தும் உறுப்பினர்கள், தேர்தலில் வென்ற செயலாளர், பொதுக்குழு ஆகியவற்றைக் கொண்ட சங்கங்கள் அவை. இன்று அங்கு நடக்கும் பெரும்பாலான பூசல்கள், அத்தகைய சங்கம் ஒன்றின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில்தான் போய் முடிகின்றன.

கேள்வி (கல்லூரி மாணவர், திருநெல்வேலி): 1911-இல் மோகன் பகான் வெறுங்காலுடன் ஆடி ஆங்கிலேயரை வென்றதாகவும், அதனால்தான் தலைநகரம் தில்லிக்கு மாற்றப்பட்டதாகவும் படித்தேன். உண்மையா?

பதில்: முதற்பாதி ஏறக்குறைய உண்மை; இரண்டாவது பாதி கதை. 1911 ஜூலை 29 அன்று நடந்த ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் அணி முதல் கோலை அடித்தது. அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலை அடித்தார். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். சுதிர் சாட்டர்ஜி ஒருவர் மட்டுமே காலணி அணிந்திருந்தார்.

தலைநகர மாற்றம் அதே ஆண்டு டிசம்பரில் தில்லி தர்பாரில், 1905-இன் வங்கப் பிரிவினையை நீக்கும் அறிவிப்போடு சேர்த்து வெளியிடப்பட்டது. அதன் காரணங்கள் நிர்வாகத்தையும் அரசியலையும் சார்ந்தவை. ஒரு கால்பந்துக் கோப்பைக்கு அதில் பங்கு இருந்ததாகக் கருத இடமில்லை. அந்த வெற்றியோடு ஆங்கிலேயர் ஆதிக்கம் களத்தில் முடிந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. கொல்கத்தா லீக்கின் முதல் பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இடமில்லை என்ற விதி அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது; மோகன் பகான் மீண்டும் ஷீல்டை வென்றது 1947-இல்தான். இந்த நீண்ட காத்திருப்பைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டுவதில்லை.

கேள்வி: முகமதன் ஸ்போர்ட்டிங் 1930-களில் தொடர்ந்து வென்றதற்குக் காரணம் என்ன?

பதில்: 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக லீக் பட்டத்தை வென்ற அந்தக் கழகம்தான், அப்பட்டத்தைக் கைப்பற்றிய முதல் இந்திய அணி. காரணங்களில் ஒன்று மழை. கொல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடப்பது. மைதானம் உலர்ந்திருக்கும் வரை வெறுங்கால் ஆட்டக்காரர்கள் பந்தை விருப்பப்படி திருப்புவார்கள். ஜூலை மாதச் சேறு வந்தவுடன் அவர்கள் வழுக்கி விழ, காலணி அணிந்த பட்டாள வீரர்கள் நிலைத்து நிற்பார்கள். முகமதன் அணியினர் ஈரத்தரையில் காலணியோடு ஆடப் பழகிக்கொண்டு இந்தக் குறையைக் களைந்தனர். மற்றொரு காரணம் ஆள்சேர்ப்பு. வங்காளத்துக்குள் மட்டும் தேடாமல் பெங்களூர் முதலான தொலைவூர்களிலிருந்தும் அவர்கள் வீரர்களை வரவழைத்தனர்.

அக்காலத்து முகமதன் வீரர் முகமது சலீம் 1936-இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்துக்காக, கால்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடினார். 1940-இல் டியூரண்ட் கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகமும் முகமதன்தான். நாட்டுப் பிரிவினை அக்கழகத்தைப் பெரிதும் பாதித்தது. 1981-இல் வென்ற லீக் பட்டத்தை அடுத்த முறை வெல்ல 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023–24-இல் இரண்டாம் நிலைப் போட்டியான ஐ-லீக்கை வென்று ஐ.எஸ்.எல்.-க்கு உயர்ந்து, முதல் பருவத்திலேயே கடைசி இடத்தில் முடித்தது.

கேள்வி (ஆசிரியை, ஈரோடு): ஈஸ்ட் பெங்கால் என்பது பிரிவினையின்போது அகதிகளாக வந்தவர்கள் தொடங்கிய கழகம் என்று என் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். சரிதானே, ஐயா?

பதில்: அகதிகள் அதைத் தொடங்கவில்லை, அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். 1920 ஜூலையில் கூச் பிகார் கோப்பையில் மோகன் பகானை எதிர்த்து ஆடிய ஜோராபகான் அணி, சைலேஷ் போஸ் என்ற வீரரைக் காரணம் கூறாமல் ஒதுக்கியது. அக்கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி விளக்கம் கேட்டார், கிடைக்கவில்லை. கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதாலேயே போஸ் ஒதுக்கப்பட்டார் என்று கருதிய அவர், பதவியை விட்டு விலகிச் சில நாட்களுக்குள் நண்பர்களுடன் புதிய கழகத்தைத் தொடங்கினார். ஆகவே கழகம் பிரிவினைக்கு 27 ஆண்டுகள் மூத்தது. 1947-க்குப் பிறகு வீடும் நிலமும் இழந்து வந்து, நகரத்தின் ஓரங்களில் குடியேற்றங்களை அமைத்துக்கொண்ட இலட்சக்கணக்கானோருக்கு, விட்டு வந்த மண்ணின் பெயரைத் தாங்கிய ஒரு அமைப்பு நகரத்தின் நடுவே முன்பே நின்றிருந்தது. அவர்கள் அதன் பார்வையாளர் வரிசையை நிரப்பினர்.

இதில் நான் எப்போதும் சுட்டிக்காட்டும் ஒரு முரண் உண்டு. அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஈஸ்ட் பெங்காலின் தாக்குதல் வரிசையில் ஆடி 1949, 1950, 1951 என மூன்று முறை தொடர்ந்து ஷீல்டை வாங்கித் தந்த ‘பஞ்ச பாண்டவர்’களான அகமது கான், அப்பாராவ், தனராஜ், சாலே, வெங்கடேஷ் ஆகிய ஐவரும் தென்னிந்தியர்கள். எதிர்ப்பக்கமும் அவ்வாறே. மேற்கு வங்காளத்து ‘கோட்டி’களின் கழகம் என்று கருதப்படும் மோகன் பகானின் 1911 அணியில் கிழக்கு வங்காளத்தைப் பூர்வீகமாகக் கொண்டோர் பலர், அதன் புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரர் கோஷ்டோ பால் பிறந்தது ஃபரீத்பூர் மாவட்டத்தில். ‘கோட்டி’, ‘பாங்கால்’ (கிழக்கு வங்காளத்தார்) என்ற பிரிவு பார்வையாளர் வரிசையைச் சேர்ந்ததே அன்றி, களத்தில் ஆடியவர்களைச் சேர்ந்தது அன்று. உங்கள் மாணவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கேள்வி: ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் விலை ஏறும் என்பது மெய்யா?

பதில்: அவ்வழக்கம் மெய். இவ்விரு கழகங்களும் மோதும் ‘டெர்பி’ நாளில் சந்தையில் இரண்டையும் கையில் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மழைக்காலத்தில் இலிஷ் விலை யார் தோற்றாலும் ஏறத்தான் செய்கிறது.

கேள்வி (தூத்துக்குடி): 1980-இல் ஈடன் கார்டனில் நடந்த உயிரிழப்புக்குப் பிறகு என்ன மாறியது?

பதில்: 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் நடந்த மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் லீக் ஆட்டத்தில், களத்தில் தொடங்கிய மோதல் பார்வையாளர் பகுதிக்குப் பரவி, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தனர். அந்நாளில் இன்றும் நினைவஞ்சலியாக இரத்ததான முகாம்கள் நடத்தப்படுகின்றன. சால்ட் லேக்கில் கட்டப்பட்ட பேரரங்கம் 1984-இல் திறக்கப்பட்டது. 1997-இல் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இவ்விரு அணிகளும் அங்கு மோதியபோது கூடியவர்கள் சுமார் 1,31,000 பேர். பைசுங் பூட்டியாவின் மூன்று கோல்களால் ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது. 2017-இன் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக இருக்கைகள் மாற்றி அமைக்கப்பட்டதால் அத்தகைய கூட்டத்துக்கு இனி இடமில்லை. பாதுகாப்பை எண்ணினால் அது நல்லதே.

கேள்வி (பெங்களூரு வாழ் வாசகர்): மோகன் பகான் இப்போது ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமா, உறுப்பினர்களுக்குச் சொந்தமா?

பதில்: இரண்டும். 2014-இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது கொல்கத்தாவின் பெயரில் இடம்பெற்றது அட்லெடிகோ டி கொல்கத்தா என்ற புதிய அணி. பழைய கழகங்கள் வெளியே நிறுத்தப்பட்டன. பங்குதாரரான ஸ்பெயினின் அட்லெடிகோ மாட்ரிட் கழகம் விலகியபின் ஏ.டி.கே. என்று பெயர் சுருங்கிய அவ்வணி மூன்று முறை பட்டம் வென்றது. மூன்றாவது பட்டம், 2020 மார்ச்சில் ஆளில்லாத கோவா அரங்கில் நம் சென்னையின் எஃப்.சி.யை 3–1 என வென்று பெற்றது. பட்டங்கள் குவிந்தும், தலைமுறைகளாகத் தொடர்ந்து வரும் ரசிகர்கள் அவ்வணிக்கு அமையவில்லை. ஆகவே அதன் உரிமையாளரான ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் 2020 ஜனவரியில் மோகன் பகானின் கால்பந்து நிறுவனத்தில் 80 சதவீதப் பங்கை வாங்கியது. மீதி 20 சதவீதம் கழகத்தினர் தரப்பில் நின்றது. நகர நடுவே ‘மைதான்’ என்ற பெருந்திடலில் உள்ள பழைய கழகமும் அதன் உறுப்பினர்களும் தேர்தலும் அப்படியே தொடர்கின்றன. கால்பந்து அணியைப் பொறுத்தவரை முடிவெடுப்பது நிறுவனம்.

பணத்தை ஏற்றுக்கொண்ட ரசிகர்கள், பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. ‘ஏ.டி.கே. மோகன் பகான்’ என்ற பெயரிலிருந்து முன்னொட்டை நீக்கக் கோரி மூன்று ஆண்டுகள் பதாகை பிடித்தனர். சிலர் அரங்கத்துக்குச் செல்வதையே நிறுத்தினர். 2023 மார்ச் 18 அன்று அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சிறிது நேரத்தில், அணி இனி ‘மோகன் பகான் சூப்பர் ஜயண்ட்’ என அழைக்கப்படும் என்று குழுமத் தலைவர் சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார். ஒரு நிறுவனத்தின் பெயர் போய், அதே குழுமத்தின் மற்றொரு வணிகப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது என்று குறை சொல்வோர் இருக்கிறார்கள். இருப்பினும் மோகன் பகான் என்பது முதலில் வருகிறது என்பதே பலருக்குப் போதுமானதாக இருந்தது. 2024–25-இல் ஐ.எஸ்.எல்.-இன் லீக் சுற்று முதலிடத்துக்கான ஷீல்டையும் கோப்பையையும் சேர்த்து வென்றபின் முணுமுணுப்பு மேலும் தணிந்தது.

கேள்வி: ஈஸ்ட் பெங்கால் மட்டும் ஏன் முதலீட்டாளர்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது?

பதில்: 1998-இல் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனம் இரு கழகங்களிலும் நுழைந்து, ஒன்றுக்கு மெக்டவல், மற்றொன்றுக்குக் கிங்ஃபிஷர் என முன்னொட்டு வைத்த காலத்திலிருந்தே வெளிப்பணம் புதிதன்று. சிக்கல் 2018-க்குப் பிறகு கூர்மையடைந்தது. அவ்வாண்டு குவெஸ் நிறுவனம் 70 சதவீதப் பங்குடன் வந்து 2020-இல் விலகியது. அதே ஆண்டு முதல்வர் மம்தா பானர்ஜியின் தலையீட்டால் ஶ்ரீ சிமென்ட் வந்தது, அணியும் ஐ.எஸ்.எல்.-இல் சேர்ந்தது. ஆனால் முதற்கட்ட ஒப்பந்தத்தில் இல்லாத நிபந்தனைகள் இறுதி ஒப்பந்தத்தில் உள்ளன, அவை உறுப்பினர்களின் உரிமையைப் பறிக்கும் என்று கூறிக் கழக நிர்வாகிகள் கையெழுத்திட மறுத்தனர். 2021 ஜூலையில் கழக வாசலில் ரசிகர்களே இரு பிரிவாக மோதிக்கொள்ள, போலீஸார் தடியடி நடத்தினர். 2022-இல் அந்நிறுவனமும் விலகி, இமாமி வந்தது.

என் கணிப்பில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. போட்ட பணத்துக்கு முழு அதிகாரம் கேட்பது நிறுவனத்தின் இயல்பு. நூறாண்டுப் பெயரை ஒரு கையெழுத்தில் கொடுத்துவிட மாட்டோம் என்பது கழகத்தின் இயல்பு. ஆனால் உறுப்பினர் உரிமையைக் கேடயமாகப் பிடித்தவர்களில் சிலர், தங்கள் நாற்காலியையே காத்துக்கொண்டனர் என்ற ஐயம் எனக்கு உண்டு. இவ்வளவு குழப்பத்துக்குப் பிறகு 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை கிடைத்தது. 2012-க்குப் பின் அது முதல் தேசியப் பட்டம். மகளிர் அணியோ 2024–25-இல் இந்திய மகளிர் லீக்கையே வென்றுவிட்டது. அதற்குரிய பேச்சு நகரில் எழவில்லை என்பது என் வருத்தம்.

கேள்வி: இம்மூன்றைத் தவிர வேறு கழகங்கள் உண்டா?

பதில்: நிறைய. ஆர்யன், ஜார்ஜ் டெலிகிராஃப், கிதர்பூர், பவானிபூர், டாலிகஞ்ச் அக்ரகாமி என்று பட்டியல் நீளும். 1958-இல் புகழ்பெற்ற வீரர் பி.கே. பானர்ஜி ஆடிய ஈஸ்டர்ன் ரயில்வே லீக்கை வென்றது. அதன்பின் மூன்று பெரியவர்களுக்கு வெளியே பட்டம் சென்றது 2019-இல் பியர்லெஸ் அணிக்கு. இடையில் 61 ஆண்டுகள்.

கேள்வி (சென்னை): 2024-இல் எதிரெதிர் ரசிகர்கள் ஒன்றாக ஊர்வலம் சென்றதாகச் செய்தி பார்த்தேன். எதற்காக?

பதில்: ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரம் கொதித்திருந்த வேளை அது. ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டியூரண்ட் கோப்பை டெர்பி, பாதுகாப்பைக் காரணம் காட்டி இரத்து செய்யப்பட்டது. அரங்கத்துக்குள் நீதி கேட்டு முழக்கமிடத் திட்டமிட்டிருந்த இரு தரப்பினரும், முகமதன் ரசிகர்களும் சேர்ந்து, அன்று மாலை சால்ட் லேக் அரங்கத்தின் வெளியே திரண்டனர். மோகன் பகானின் பச்சை-மெரூன் சட்டைக்காரர்களின் தோளில் ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு-பொன்நிறச் சட்டைக்காரர்கள் அமர்ந்து முழக்கமிட்டனர். ஓர் ஆட்டத்தை நடத்தப் போதிய போலீஸார் இல்லை என்றவர்கள், கூட்டத்தைக் கலைக்க மட்டும் போதிய ஆட்களை அனுப்பியதை ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை.

கேள்வி (கரூர்): ஜூலையில் கொல்கத்தா செல்கிறேன். ஓர் ஆட்டம் பார்க்க முடியுமா?

பதில்: கொல்கத்தா லீக் நடக்கும் காலம், தாராளமாகப் பார்க்கலாம். எஸ்பிளனேட் மெட்ரோவில் இறங்கினால் மூன்று கழகங்களின் மைதானங்களும் ஈடன் கார்டனைச் சுற்றி நடக்கும் தொலைவில் உள்ளன. மைதான் நிலம் இராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால் விரும்பியபடி கட்டடம் எழுப்ப முடியாது. அதனால்தான் கழக அலுவலகங்களை இன்றும் ‘டென்ட்’ என்றே அழைக்கிறார்கள். அங்கே உணவகத்தில் ஸ்டூவும் டோஸ்டும் கிடைக்கும், தவறவிடாதீர்கள். பெரிய கழகங்கள் இந்த லீக்குக்கு இளம் வீரர்களையே அனுப்புகின்றன. உள்ளூர் வீரர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் களத்தில் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. எனவே ஐ.எஸ்.எல். நட்சத்திரங்களை எதிர்பார்க்க வேண்டாம். டெர்பி அமைந்தால் நுழைவுச்சீட்டு எந்தப் பக்கத்து வரிசைக்கு உரியது என்று பார்த்து, அதற்கேற்ற நிறத்தில் சட்டை அணியுங்கள். ஐயமிருந்தால் வெள்ளை போதும். குடை மட்டும் கட்டாயம்.