இலங்கைக்குப் போகுமுன் பாலாற்றங்கரைக்கு ஒருமுறை

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். மே மாதம் நான், மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் மூவரும் எட்டு நாள் இலங்கை போகிறோம். கொழும்பு, கண்டி, நுவரெலியா, யாழ்ப்பாணம் என்று திட்டம். ராமாயணத்தில் வரும் நாடு, போர் நடந்த நாடு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எதைத் தெரிந்துகொண்டு போவது, எங்கே தொடங்குவது?

பதில்: உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்திலேயே தொடங்கலாம். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், உள்ளே போயிருக்க மாட்டீர்கள். நம் ஊர்க்காரர்கள் பலரும் அப்படித்தான். அங்கே அடக்கமாகியிருப்பவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்தார்கள். மறு ஆண்டு கப்பலேற்றிக் கொண்டுவந்து, வேலூர்க் கோட்டையில் குடும்பத்தோடு வைத்தார்கள். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார். கோட்டைக்குள் கண்டி மஹால் என்று ஒன்று இருப்பது இதனால்தான். கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் ஆடிய தந்தச் சதுரங்கப் பலகையும் காய்களும் இருக்கின்றன. மகளை முதலில் அங்கே கூட்டிப்போங்கள். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இதே மனிதரின் சிம்மாசனத்தை அவள் பார்ப்பாள். ஆங்கிலேயர் இங்கிலாந்துக்கு எடுத்துப்போய் 1934இல் திருப்பிக் கொடுத்தது அது. கண்டியில் நீங்கள் சுற்றி நடக்கப்போகும் ஏரியை உண்டாக்கியவரும் அவர்தான்.

அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. நாம் அவரைத் தமிழ் மன்னர் என்று சொல்லிக்கொள்கிறோம். கண்டி அரசுரிமை 1739இல் அரசியின் மதுரைப் பக்க நாயக்க உறவினர்களிடம் போனது. அவர் அந்த வழியில் வந்தவர். ஆனால் பௌத்தத்தின் காவலராக ஆண்டவர். புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபம் அவர் கட்டியது. சிங்களப் பிள்ளைகள் கேட்டு வளரும் கதையோ வேறு: தனக்கு எதிராகத் திரும்பிய அதிகாரி எஹலப்பொலவின் மனைவி மக்களை 1814இல் கொன்ற கொடுங்கோலன். ஆங்கிலேயர் தங்கள் படையெடுப்புக்கு அதையே காரணமாகக் காட்டினார்கள். 1815 மார்ச் 2இல் கண்டித் தலைவர்களே நாட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் சிலர் 1817இலேயே ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளம்பினார்கள் என்பது தனிக் கதை. ஆக, கண்டியில் வழிகாட்டி அவரைத் திட்டினால் சண்டைக்குப் போகாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

போர்த்துக்கீசியர் 1505இல் வந்தார்கள், அப்புறம் டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர், 1948 பிப்ரவரி 4இல் சுதந்திரம். மகளின் பாடத்துக்கு இது போதும். உங்களுக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் அங்கே ஒரே கூட்டம் இல்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் இருப்பவர்கள் பல நூற்றாண்டுகளாக அந்த மண்ணின் மக்கள். நுவரெலியாவில் தேயிலை பறிப்பவர்கள் மலையகத் தமிழர். ஆங்கிலேயர் காலத்தில் திருச்சி, சேலம், நம் வட ஆற்காடு பக்கங்களிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் இந்தியா வந்தார்கள். முஸ்லிம்களுக்கு வீட்டில் தமிழ்தான், ஆனால் தங்களைத் தனிச் சமூகமாகவே சொல்வார்கள். 'நீங்களும் நம்ம ஆளுதானே' என்று எல்லாரிடமும் தொடங்கினால் சிலருக்கு அது இனிக்காது.

1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிப்பு. 1983 ஜூலையில் தமிழர் மீது வன்முறை. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை. 2009 மே மாதம் போர் முடிவு. இந்த ஐந்தையும் வரிசையாகத் தெரிந்துகொள்ளுங்கள். திரும்பக் கட்டிய நூலகம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது, மகளோடு போய்ப் பாருங்கள். அமைதிப்படைக் காலத்தைப் பற்றிக் கசப்பு உள்ள வீடுகள் யாழ்ப்பாணத்தில் நிறைய. ஆட்டோக்காரரிடமோ ஹோட்டல் பையனிடமோ போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள்; அவர்கள் தொடங்கினால் பேசாமல் கேளுங்கள். மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் உங்களுக்குப் பழக்கமானவர் யாராவது இருந்தால், எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக்கூடாது என்பதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இன்றைய நிலைக்கு 2022ஐப் படியுங்கள். அன்னியச் செலாவணி தீர்ந்து, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிப்பு, ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே ஓட்டம். 2024இல் அனுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். விலைவாசியைப் பற்றி அங்கே யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம், அலுக்காமல் பேசுவார்கள்.

நமக்குப் பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை பஸ்ஸில் இடம் கிடைக்காது. அங்கே எல்லாப் பௌர்ணமியும் அரசு விடுமுறை, 'போயா' என்பார்கள், மதுக்கடை கிடையாது. மே மாதத்தில் வருவது வெசாக். தெருவெல்லாம் காகித விளக்கு, தன்சல் என்ற பந்தல்களில் இலவசச் சாப்பாடு. உங்கள் தேதி அதோடு சேர்ந்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் அறை முன்பே போட்டுவிடுங்கள். மே கடைசியில் கண்டி, நுவரெலியா பக்கம் மழை பிடிக்கும், ஆகவே மாதத் தொடக்கம் நல்லது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கவே கூடாது. மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். விசா விதியும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடுமுன் இலங்கைக் குடிவரவுத் துறை இணையதளத்தைப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் 'ஓம்' என்றால் ஆமாம், 'கதைக்கிறது' என்றால் பேசுவது, 'உறைப்பு' என்றால் காரம், 'கச்சான்' என்றால் வேர்க்கடலை. நம் டிவி சீரியல்களை அங்கேயும் பார்க்கிறார்கள், அதனால் நீங்கள் பேசுவது அவர்களுக்குப் புரிந்துவிடும். அவர்கள் பேசுவதுதான் முதல் நாள் உங்களுக்குக் கொஞ்சம் தடுமாறும்.