கபாலபாதியில் விரல் மரத்துப்போனது பற்றி

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டு பிட்னஸ் வகுப்பில் கபாலபாதியை, அதாவது வயிற்றை உள்ளிழுத்து மூச்சை விசையோடு வெளியே தள்ளும் யோகப் பயிற்சியை, வேகமாகச் செய்தபோது விரல்கள் மரத்து, உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்து, தலை சுற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். பயிற்சியாளர் "நச்சு வெளியேறுது, நிறுத்தாதீங்க" என்றாராம். நச்சும் இல்லை, ஒன்றும் இல்லை.

தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். விரல் குறுகுறுப்பும் அதே கணக்கில்தான் வருகிறது. நிறுத்திவிட்டு மெதுவாக மூச்சு விட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

எனக்கு உறுத்துவது உங்கள் கடைசி வரி. பி.பி. மாத்திரை சாப்பிடுவதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள்! ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கபாலபாதி, மூச்சை விசையோடு இழுத்து விடும் பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் வேண்டாம் என்றுதான் முறையாகக் கற்றவர்கள் சொல்வார்கள். சேரும்போதே இதை விசாரிக்காத வகுப்பு, சுவரெல்லாம் கண்ணாடி போட்டிருந்தாலும், எனக்கு ஒப்பவில்லை.

நாளைக்கே பயிற்சியாளரிடம் பி.பி. விஷயத்தைச் சொல்லுங்கள். மற்றவர்கள் மூச்சை அடிக்கும்போது நீங்கள் சும்மா இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டு உட்காருங்கள். அவர் முறைத்தால் முறைக்கட்டும். தியானத்தில் கண் மூடினால் படபடக்கிறது என்றீர்களே, கண்ணைத் திறந்துகொண்டே உட்காரலாம். அப்படியும் அடங்காவிட்டால் எழுந்து நடங்கள்.

அப்புறம், மாத்திரை எழுதித் தரும் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு உண்டு. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் யோசிக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.